3 ரூபாய் வரிக்குறைப்பா, வெள்ளைப் பலகை பஸ்ஸா?

வைகைக்கரை:

தேர்தல் நெருங்க நெருங்க, பெட்ரோல் மீதான மாநில வரியை இன்னும் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்து வருகிறது. பஸ்ஸுக்கும் உதவித்தொகைக்கும் கொட்டிக் கொடுக்கும் பணத்தை வரிக்குறைப்பாகக் கொடுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேருமே என்று என் அலுவலகத்திலேயே பாதிப்பேர் சொல்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை. நம் மாநிலத்திலேயே, ஒரே ஆண்டில், ஏறக்குறைய ஒரே தொகையில் இரண்டும் நடந்திருக்கின்றன.

2021 மே மாதம் பொறுப்பேற்றவுடன் முதல்வர் ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, வெள்ளைப் பலகை மாட்டிய சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுகட்ட அப்போது ஒதுக்கியது 1,200 கோடி ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் திருத்திய நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று அவரே சொன்னார்.

1,160 கோடியை நம் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 150 ரூபாய் சொச்சம். மாதம் 15 லிட்டர் போடும் பைக்காரருக்கு 45 ரூபாய் மிச்சம். கார் வைத்து 60 லிட்டர் போடுபவருக்கு 180. வண்டியே இல்லாதவருக்கு நேரடியாக ஒன்றுமில்லை. பஸ் பக்கம் பாருங்கள். அந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. கடைவீதியில் துணிக்கடைச் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணிடம் 888 ரூபாய் என்பது என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

என் கட்சி பஸ் கட்சி. மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

கொங்குத் தறி:

கணக்கோடுதான் வருகிறேன். 888 என்பது தினமும் பஸ் ஏறும் பெண்ணின் கணக்கு. சாதாரணக் கட்டண பஸ் ஓடாத ஊரில் இருக்கும் பெண்ணுக்கு அது சுழியம். எங்கள் பக்கம் வாருங்கள். பல்லடத்தைத் தாண்டி உள்ளே போனால் தறிக்கூடத்துக்கு வேலைக்கு வரும் பெண்கள் மொபெட்டில்தான் வருகிறார்கள். ஷிப்டு முடியும் இரவு நேரத்துக்கு எந்த டவுன் பஸ்ஸும் இல்லை. அவர்களுக்கு அந்த 3 ரூபாய் கிடைத்தது, உங்கள் 888 கிடைக்கவில்லை. மாநிலத்தில் 2 கோடியே 63 லட்சம் இருசக்கர வாகனங்கள் இருக்கின்றன, உழைக்கும் ஏழைகளின் வாகனம் அதுதான் என்று அதே நிதியமைச்சர் அதே உரையில் சொன்னதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

வரியைக் குறைத்தால் பணம் என் பையிலேயே இருக்கிறது. யாரிடமும் மனுப் போட வேண்டாம், முகாமில் வரிசையில் நிற்க வேண்டாம், தகுதி இல்லை என்று குறுஞ்செய்தி வராது. சேவை என்று வந்துவிட்டால் நடுவில் எத்தனை மேசை!

எங்களிடம் இருந்து எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் சொத்து வரியை உயர்த்தினார்கள், 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், அதற்கு மேல் போகப் போக 50, 75, 100. செப்டம்பரில் மின்கட்டணம். சிறு தொழில்காரனுக்கு நிலைக்கட்டணம் ஏறியது தனிக்கதை, தறி ஓடாத மாதமும் கட்ட வேண்டும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது என்றால் இதுதான்.

பொருளியல் மாணவி:

கொங்குத் தறி ஐயா, விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்த்தினார்களே, அது பொதுச்செலவில் சேராதா? பெண் ஏறும் பஸ் என்றால் இலவசம், தறிக்கு வரும் மின்சாரம் என்றால் உரிமையா?

கொங்குத் தறி:

கேட்பீர்கள் என்று தெரியும் அம்மா. கட்டணத்தை ஏற்றிவிட்டு அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் சலுகையா? ஏற்றாமலே விட்டிருந்தால் உத்தரவும் வேண்டாம், அதற்கு ஒரு பாராட்டு விழாவும் வேண்டாம். ஆனாலும் அந்த 1,000 யூனிட் இல்லையென்றால் எங்கள் பக்கம் பாதித் தறி எடைக்குப் போயிருக்கும். அதையும் மறுக்க மாட்டேன்.

பழைய நடத்துநர்:

விழுப்புரம் பக்கம் பஸ்ஸில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு வெளியே நின்று பேசுகிறீர்கள்.

இலவசப் பயணத்துக்கும் டிக்கெட் உண்டு. 'மகளிர்' என்று அச்சிட்ட சீட்டைக் கண்டக்டர் கிழித்துத்தான் கொடுக்க வேண்டும். எத்தனை சீட்டு கிழிந்ததோ அந்தக் கணக்குதான் கழகம் அரசிடம் பணம் கேட்பதற்கு ஆதாரம். திட்டம் வந்த புதிதில் சில பெண்கள் "காசு வாங்காத டிக்கெட் எதற்கு" என்று கையை நீட்டவே மாட்டார்கள். கூட்டத்தில் தலைக்கு மேல் கையை நீட்டி ஒவ்வொருவரிடமும் திணித்தாக வேண்டும், செக்கிங் ஏறினால் சீட்டு இல்லாததற்குக் கண்டக்டர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. எங்கள் துறை வசூலைப் பார்த்தே பழகிய துறை. பை நிறைந்தால் டெப்போவில் மரியாதை. திடீரென்று பஸ் நிறையக் கூட்டம், பையில் காசு இல்லை. ஸ்டாப்பிங்கில் பெண்கள் மட்டும் நின்றால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவது, நிறுத்தாமலே போவது, "ஓசி டிக்கெட்" என்று முனகுவது எல்லாம் நடந்தது. மேலே இருந்து சுற்றறிக்கை வந்தது. முழுதாக நின்றது என்று சொல்ல மாட்டேன்.

மாநில நிதி நிலைமை பற்றி அரசு வெளியிட்ட 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கையை எல்லோரும் கடன் கணக்குக்காகப் படித்தார்கள். நான் படித்தது ஒரே வரி: அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம். கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். பிறகு டீசல் எத்தனை முறை ஏறிற்று என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இந்த நிலையில் பஸ் ஓடுவதே பெரிது என்றுதான் உள்ளே இருப்பவனுக்குத் தோன்றும்.

வைகைக்கரை:

நடத்துநர் ஐயா சொன்ன பிறகு ஒன்று புரிகிறது. கட்டணமில்லாப் பயணம் என்பது பெண்களுக்கான உதவி மட்டுமல்ல, மூழ்கிக்கொண்டிருந்த கழகங்களுக்கு அரசு கொடுத்த பிடிமானமும்கூட. 1,200 கோடியில் தொடங்கிய தொகை 2023-24 நிதிநிலை அறிக்கையில் 2,800 கோடி ஆயிற்று. அந்தப் பணம் இல்லையென்றால் கட்டணத்தை ஏற்றியிருப்பார்கள், அல்லது பஸ் போய்வரும் நடைகளைக் குறைத்திருப்பார்கள். இரண்டிலும் அடி வாங்குவது அதே பயணிகள்தான்.

அந்த 3 ரூபாய்க்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 14 காலையில் சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 49 காசிலிருந்து 99 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. பங்க் வாசலில் இனிப்புக் கொடுத்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அக்டோபரில் மறுபடி நூறைத் தாண்டியது. அன்று ஒரு பைக்காரரை நிறுத்தி, மாநில அரசு உங்களுக்கு 3 ரூபாய் விட்டுக்கொடுத்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா? கஜானாவில் மட்டும் அந்த 1,160 கோடி ஆண்டுதோறும் குறைந்துகொண்டே இருக்கிறது.

சோழவந்தான்:

ஒன்றிய அரசு ஏற்றியதைச் சொல்லாமல் மாநில அரசை மட்டும் குடைவது என்ன நியாயம்? 2014-இல் பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த கலால் வரி 2021-இல் 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்வது வெறும் 1 ரூபாய் 40 காசுக்கு உரிய பங்கு மட்டும். மீதியெல்லாம் செஸ், கூடுதல் வரி என்று டெல்லியிலேயே தங்கிவிடும். பிறகு 2021 நவம்பரில் 5 ரூபாய், 2022 மே மாதம் 8 ரூபாய் என்று அவர்கள் இறக்கியதும், "நீயும் இறக்கு" என்று மாநிலங்களைப் பார்த்துக் கை நீட்டினார்கள்.

தென்பொதிகை:

ஆக, எல்லாத் தவறும் டெல்லியில். இங்கே மதுக்கடையில் ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல் அள்ளுவது யார்?

நெறியாளர்:

கட்சிச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மாநில வரியும் மாநிலச் செலவும் மட்டும். சோழவந்தான் கொடுத்த விவரம் பொருளுக்கு உரியது என்பதால் விட்டுவைக்கிறேன். அதற்கு வந்த மற்ற பதில்களை எடுத்துவிட்டேன்.

பத்திர எழுத்தர்:

பெட்ரோலையே சுற்றி வருகிறீர்கள். எங்கள் தொழிலில் நடந்த 'வரிக்குறைப்பு' ஒன்றைச் சொல்கிறேன், வேடிக்கையாக இருக்கும்.

2017 ஜூனுக்கு முன்பு முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1, ஆக 8. அந்த ஜூனில், பதிவுக்காக நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 4 ஆக்கினார்கள், ஆக 11. பிறகு 2023-24 நிதிநிலை அறிக்கையில், வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கே திரும்பும், பதிவுக் கட்டணம் 4-இலிருந்து 2 ஆகக் குறையும் என்று அறிவித்தார்கள். செய்தியில் என்ன வந்தது? பதிவுக் கட்டணம் பாதியாகக் குறைப்பு!

வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடுபவரை வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலோர் அப்படித்தான் போடுகிறார்கள். 2017-க்கு முன் 100 ரூபாய் மதிப்புக்கு 8 ரூபாய் கட்டினார். மதிப்பு 67 ஆனபோது 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. 2023-இல் மதிப்பு மறுபடி 100, கட்டணம் 9 சதவீதம், ஆக 9 ரூபாய். குறைப்பு என்ற பெயரில் ஏறியிருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டியபோது பத்திரம் எழுத வந்து எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நிலத்தின் மதிப்பை உண்மைக்குக் கிட்டே கொண்டுவந்து சதவீதத்தைக் குறைப்பதுதான் சரியான வழி. சதவீதம் ஏறினால் ஆள் பதிவுக்கு வரமாட்டான். பவர் பத்திரம், வெறும் கிரய ஒப்பந்தம் என்று எழுதி வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டுவான், பிறகு வாரிசுகள் கோர்ட்டுக்கு அலைவார்கள். இன்னும் 2 சதவீதம் குறைத்தால் மறைந்திருப்பதெல்லாம் வெளியே வரும் என்பது என் எண்ணம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 1 சதவீதம் குறைவு என்று வந்தது. அதற்குப் பிறகு மனைவி பெயரில் எழுதலாமா என்று விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வரிக்குறைப்பு என்றால் இப்படி ஒரு வேலையைச் செய்ய வேண்டும். பெட்ரோல் 3 ரூபாய் எந்த வேலையைச் செய்தது?

மிசூரி ஓரம்:

நான் இருப்பது கேன்சஸ் மாநிலத்தில், மிசூரி எல்லைக்குப் பக்கத்தில். 'வரியைக் குறைத்தால் தானாக வெளியே வரும்' என்ற பேச்சைக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2012-இல் இங்கே ஆளுநர் சாம் பிரவுன்பேக் மாநில வருமான வரியைப் பெரிதாகக் குறைத்தார். உச்ச விகிதம் 6.45-இலிருந்து 4.9 சதவீதம் ஆனது. அதோடு, சிறு நிறுவன உரிமையாளர்கள் தங்கள் கணக்கில் காட்டும் தொழில் வருமானத்துக்கு மாநில வரியே கிடையாது என்று ஆக்கினார். சம்பளக்காரன் வரி கட்டுவான், அவனை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி கட்டமாட்டான். பொருளாதாரத்துக்கு இது அட்ரினலின் ஊசி என்றார். வளர்ச்சி சொன்னபடி வரவில்லை, வருவாய்தான் சரிந்தது. 2014-இல் மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு இறங்கியது. நெடுஞ்சாலை நிதியிலிருந்து எடுத்துச் சமாளித்தார்கள். 2015-இல் சில பள்ளி மாவட்டங்கள் காசில்லாமல் கல்வியாண்டை முன்கூட்டியே முடித்தன. அதே ஆண்டு விற்பனை வரியை 6.5 சதவீதமாக ஏற்றினார்கள், அது மளிகைச் சாமானுக்கும் சேர்த்து! கடைசியில் 2017 ஜூனில், அவருடைய சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அவருடைய வீட்டோவை (மறுப்பு அதிகாரத்தை) மீறி அந்தக் குறைப்பை ரத்து செய்தது.

பொருளியல் மாணவி:

பயனுள்ள உதாரணம், ஆனால் அப்படியே இங்கே பொருந்தாது. நம் மாநிலங்களுக்குச் சம்பளத்தின் மீதும் கம்பெனி லாபத்தின் மீதும் வருமான வரி போடும் அதிகாரமே இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரும்பாலான பொருள்களுக்கான வரியும் தனியாக ஒரு மாநிலத்தின் கையில் இல்லை. மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது, முத்திரைக் கட்டணம், வாகன வரி, மின்சார வரி, உள்ளாட்சியின் சொத்து வரி. ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்தார்களே, பைக் வாங்குபவருக்கு 28 என்பது 18 ஆனது மகிழ்ச்சிதான், ஆனால் அந்த இழப்பில் பாதி மாநிலத்தின் தலையில் விழுகிறது. எதைக் குறைப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மாநிலம் தனியாக இல்லை. எதற்குச் செலவிடுவது என்ற இடத்தில் மட்டும் எல்லோரும் மாநிலத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எனவே மாநிலத்தின் கையில் இருக்கும் கொஞ்ச வரிகளை விட்டுக்கொடுக்கும்போது பத்து முறை யோசிக்க வேண்டும் என்பேன். வெள்ளை அறிக்கை சொன்ன 5 லட்சத்து 70 ஆயிரம் கோடிக் கடனை மறக்க வேண்டாம். 2020-21-இல் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 61,320 கோடி. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் வீட்டில், வருமானத்தைக் குறைத்துக்கொள்வதும் செலவைக் கூட்டிக்கொள்வதும் ஒரே கடன்காரனிடம்தான் போய் நிற்கும். வைகைக்கரை அண்ணா, உங்கள் பஸ்ஸும் கடனில்தான் ஓடுகிறது.

அதற்காக எல்லாச் செலவும் ஒன்று என்று சொல்லவில்லை. காலை உணவுத் திட்டத்தைப் பள்ளிகளுக்கு விரிவாக்கியபோது 2023-24-இல் ஒதுக்கியது 404 கோடி. அதாவது, அந்தப் பெட்ரோல் குறைப்பின் ஓராண்டு இழப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.

டெல்டா டீச்சர்:

ஆமாம், சாப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை உப்புமா என்றால் முகம் சுளிக்கிறார்கள், பொங்கல் என்றால் இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறார்கள். காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளைகளை இப்போது பார்ப்பது அரிது. 404 கோடிக்கு இதற்கு மேல் என்ன வாங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கொங்குத் தறி:

டீச்சரம்மா சொல்வதை எதிர்க்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் ஒவ்வொரு முறையும் பிள்ளை தட்டை முன்னால் வைத்துவிட்டு, பின்னால் 13,000 கோடி மகளிர் உரிமைத்தொகையை வைக்கிறீர்கள். 404 கோடிக்குச் சொன்ன நியாயம் 13,000 கோடிக்கும் பொருந்துமா என்று யாரும் பேசவில்லை.

என் கோரிக்கை சிறியது. டீசல். 2021-இல் பெட்ரோலுக்குக் குறைத்தார்கள், டீசலுக்கு இல்லை. நூல் வருவது லாரியில், துணி போவது லாரியில், காய்கறி வருவது லாரியில். 3 ரூபாயை அங்கே குறைத்திருந்தால் வண்டி இல்லாதவனுக்கும் போயிருக்கும்.

வைகைக்கரை:

போயிருக்குமா? டீசல் இறங்கியதற்காக லாரி வாடகை இறங்கி உங்கள் பில்லில் வந்தது உண்டா? ஏறும்போது மறுநாளே ஏறும், இறங்கும்போது யாருக்கும் நினைவு வராது. நீங்கள் வணிகர், உங்களுக்கே தெரியும்.

கொங்குத் தறி:

ஏறும்போது வேகம், இறங்கும்போது சுணக்கம், உண்மைதான். ஆனால் அதே கேள்வியை உங்கள் பக்கமும் திருப்புகிறேன். 1,200 கோடி 2,800 கோடி ஆயிற்று என்றீர்கள். உங்கள் ஊரில் பஸ் கூடியதா? பணம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனால் பஸ்ஸும் கொஞ்சமாவது கூட வேண்டாமா? எங்கள் தறிக்கூடத்துப் பெண்ணுக்கு இரவு ஷிப்டுக்கு ஒரு பஸ் விட்டால், அந்த 3 ரூபாயை நானே திருப்பிக் கட்டிவிடுகிறேன்.

வைகைக்கரை:

இதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. பணம் கூடியது பெரும்பாலும் ஏறும் பெண்கள் கூடியதால்தான், வண்டி கூடியதால் இல்லை என்பது என் ஊகம். எங்கள் பணிமனையில் 2018-இல் எத்தனை டவுன் பஸ், இப்போது எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன்.

பழைய நடத்துநர்:

தம்பி, அப்படிக் கேட்டால் ஏமாந்துவிடுவீர்கள். "இயக்கப்படும் பேருந்துகள் இத்தனை" என்று அட்டவணையில் உள்ள எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். ஷெட்டில் நிற்கும் வண்டியும் அதில் சேரும். நடைக்கணக்குக் கேளுங்கள். ஒரு நாளைக்குத் திட்டமிட்ட நடை எத்தனை, ஓடிய நடை எத்தனை, ரத்தான நடை எத்தனை, ரத்துக்குக் காரணம் ஆள் பற்றாக்குறையா, வண்டிப் பழுதா என்று தனித்தனியாக. மாதவாரியாகக் கேளுங்கள், ஆண்டு மொத்தம் வேண்டாம். கடைசி நடை எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதையும் தடம்வாரியாகக் கேளுங்கள், அதுதான் தறிக்காரருக்குப் பதில். மகளிர் சீட்டு எண்ணிக்கையையும் அதே மனுவில் சேர்க்காதீர்கள், வேறு பிரிவு என்று சொல்லி முழு மனுவையும் சுற்றுக்கு விட்டுவிடுவார்கள். அது தனி மனு, தனியாகப் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு.

கொங்குத் தறி:

வாசகத்தை இங்கே போடுங்கள் ஐயா. பல்லடத்துக்கு நானும் ஒன்று அனுப்புகிறேன்.